எரிச்சல் வேறு, வாடை வேறு

2004 ஆகஸ்ட் 9, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்புக்கு உப்புப் பகுப்பாய்வு. சல்பைடு உப்பில் அமிலத்தை ஊற்றியதும் முப்பது பிள்ளைகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினார்கள். நான் மட்டும் சோதனைக்குழாயோடு நின்றேன். "டீச்சருக்குப் பழகிப்போச்சுடி" என்றாள் ஒருத்தி. அழுகிய முட்டை நாற்றம் அது. பதினெட்டு வருட வேலையில் எனக்குப் பழகியதே இல்லை. ஈய அசிடேட் தாளைக் காட்டினேன், கறுத்தது. காகிதத்துக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

ஜூன் கடைசியில் துறையூர் ரோட்டில் நாய் குறுக்கே வந்து அவர் வண்டியின் பின்சீட்டிலிருந்து விழுந்தேன். பின்மண்டையில் நாலு தையல். அதற்குப் பிறகு சளி விடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சளியா? ஒரு தடவைகூட மூக்கைச் சிந்தவில்லையே. ஒன்றரை மாதமாக என்னடி செய்துகொண்டிருந்தாய் வேணி?

ஆகஸ்ட் 12, வியாழன்

அரைநாள் லீவு போட்டு டவுனில் மூக்கு டாக்டரைப் பார்த்தேன். விளக்கடித்து உள்ளே பார்த்தார். "மூக்குல ஒண்ணும் இல்லம்மா. அடிபட்டதுல நரம்பு அறுந்திருக்கும். வந்தா ஒரு வருஷத்துல வரும். வராமலும் போகலாம்." மாத்திரைகூட எழுதவில்லை.

அவரிடம் சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஏன் என்று எழுதியே வைக்கிறேன். மூன்று வருடம் முன்பு சிறுவாச்சூர் அம்மன் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, இனி குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அம்மன் கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான், மீதி ஐந்து நாளுக்கு யார் காவல் என்று கேட்டேன். "நீதான்" என்றார். அன்றிலிருந்து சாயங்காலம் பருத்திக் காட்டிலிருந்து வந்ததும் வாசற்படியில் நின்று என் முகத்தில் ஊதுவார். நான் மோந்து பார்த்து, "சரி, உள்ள வாங்க" என்பேன். அப்புறம்தான் காபி. முதல் வருடத்தில் ஒருமுறை கொய்யா இலையை மென்றுவிட்டு வந்து ஊதினார். அதையும் தாண்டிப் பிராந்தியைப் பிடித்துவிட்டேன். நாலு நாள் பேச்சில்லை. "நாய் மூக்குடி உனக்கு" என்று சிரித்துத்தான் சமாதானத்துக்கு வந்தார். என் புருஷன் ராசாங்கத்தைக் குடிக்காமல் வைத்திருப்பது அம்மன் பாதி, என் மூக்கு பாதி. அது செத்துவிட்டது என்று தெரிந்தால்?

ஆகஸ்ட் 13, வெள்ளி

ஊதினார். "சரி, உள்ள வாங்க" என்றேன். குரல் நடுங்கவில்லை. நன்றாகத்தான் நடிக்கிறேன்.

செப்டம்பர் 14, செவ்வாய்

பால் திரிந்திருந்தது தெரியாமல் காபி போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் டம்ளரில் வாய் வைத்தபோதுதான் நாக்கில் புளிப்பு. ஓடிவந்து பார்த்தால் அவர் குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். டம்ளர் கழுவுகிற மனுஷனா அவர்? "எப்படி இருந்துச்சு?" என்றேன். "காபி மாதிரி இருந்துச்சு" என்றார்.

போன வாரம் ரசம் தீய்ந்ததற்கும் ஒன்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளுகிறவர். வயசாகிறது போல.

அக்டோபர் 5, செவ்வாய்

இப்படியும் ஒரு கூத்து. இந்த வருட மருத்துவ நோபல் பரிசு மூக்குக்கு. ஆசிரியர் அறையில் விலங்கியல் பாலசுந்தரம் சார் பேப்பரைச் சத்தமாக வாசித்தார். வாடையை உணர்கிற ஜீன்களைக் கண்டுபிடித்த இரண்டு பேருக்காம். எலிக்கு ஆயிரம் ஜீன் இதற்கென்றே இருக்கிறதாம். "மூக்குக்கே நோபலா, நம்ம கேன்டீன் சாம்பாருக்கு என்ன குடுப்பாங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். அங்கே அழுவது எனக்கு இப்போது சௌகரியம், நாற்றமே இல்லை.

அக்டோபர் 9, சனி

சிவரஞ்சனி திருச்சியிலிருந்து வந்தாள். எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி படிக்கிற பெண்ணைப் பெற்றிருக்கிறேன், அவளிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? வாடை எப்படித் தெரிகிறது என்று பொதுவாகக் கேட்டேன். அடுத்த வாரம் அவளுக்கு இதே தலைப்பில் செமினாராம், உற்சாகமாக நோட்டில் படம் போட்டாள்.

"மூக்கு உச்சியில தபால்தலை அளவுக்கு ஒரு தோலும்மா. அதுல கோடிக்கணக்குல செல்லு. ஒவ்வொரு செல்லும் அத்தனை ஜீன்ல ஒண்ணே ஒண்ணைத்தான் தெறந்து வச்சிருக்கும். அதுக்கு ஏத்த மூலக்கூறு வந்து ஒட்டுச்சுன்னா உள்ள ஒரு புரதம் இன்னொண்ணைத் தட்டி எழுப்பும். கதவு தெறக்கும், கால்சியம் உள்ள பாயும், மூளைக்குச் சேதி போவும். நமக்கு நல்ல நிலையில இருக்குறது முந்நூத்தம்பது ஜீன்தான். பாக்கியெல்லாம் ஒடைஞ்சு கெடக்கு."

"நம்ம செவலைக்கு?"

"மாட்டுக்கு இன்னும் எண்ணி முடிக்கலம்மா. நம்மள விட நெறைய இருக்கும்."

அந்தச் செல்லிலிருந்து போகிற நூல்கள் சல்லடை போன்ற ஒரு எலும்பைத் தாண்டித்தான் மூளைக்குப் போகின்றன. பின்மண்டையில் அடிபட்டால் மூளை குலுங்கி, நூலெல்லாம் அந்தச் சல்லடையில் அறுந்துபோகும். இதைச் சொல்லும்போது பென்சிலை நிறுத்தினாள். "அம்மா, நீ ஏன் இதைக் கேக்குற?"

சொல்லிவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டாள். ஒடம்புல மத்த நரம்பு மாதிரி இல்லம்மா, இது செத்தா மறுபடி முளைக்கும், ஆனால் முளைத்த நூல் பழைய ஓட்டையைத் தேடிப் போய்ச் சேர வேண்டும் என்றாள். அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று கேட்டேன். அமோனியா பாட்டிலைத் திறந்தால் மட்டும் எனக்குச் சுரீரென்கிறதே? "அது எரிச்சல்மா. வேற நரம்பு, மூஞ்சி நரம்பு. அது ஏதோ இருக்குன்னு மட்டுந்தான் சொல்லும். என்னன்னு சொல்லாது."

அக்டோபர் 13, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து மூக்கருகே வைத்தேன். வாடை இல்லை, ஆனால் உள்ளே மெல்லக் குத்தியது. தண்ணீர் கலந்து பார்த்தேன், அப்போதும் லேசாக. போதும் எனக்கு. அவர் குடித்துவிட்டு ஊதினால் எரியும். மூக்கு போனால் என்ன, காவல் போகவில்லை.

சாயங்காலம் ஊதினார். எரியவில்லை. இரண்டு மாதத்தில் முதல்முறையாக மனசாரச் சொன்னேன், சரி உள்ள வாங்க.

நவம்பர் 17, புதன்

பருத்தியில் காய்ப்புழு. மூன்று நாளாக மருந்து அடிக்கிறார். ஸ்பிரேயர் டேங்க் ஒழுகுகிறதாம், முதுகெல்லாம் ஈரம். "வாஷரை மாத்துங்களேன்" என்றேன். "சனிக்கெழமை டவுனுக்குப் போறப்ப வாங்கிக்கிறேன். இன்னும் ரெண்டு நாளு வேலைதானே" என்றார். காட்டுக் கிணற்றில் குளித்துவிட்டுத்தான் வருகிறார்.

நவம்பர் 19, வெள்ளி

நாய் வாலை நிமிர்த்த முடியுமா? முடியாது. மூணு வருஷம் நிமிர்த்திட்டேன்னு நெனச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.

ஆறரை மணிக்கு வந்தார். தூறலில் நனைந்து, குளிக்கக்கூட இல்லாமல், தள்ளாடிக்கொண்டு. வாயோரம் எச்சில். வேர்வை. வாசலிலேயே வாந்தி எடுத்தார். "ஊதுங்க" என்றேன். ஊதினார். எரிந்தது. மூக்குக்குள்ளே, கண் ஓரத்திலே, நன்றாக எரிந்தது. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் எரியாதது.

"குடிக்கல வேணி." நாக்குக் குழறுகிறது. குடிக்காத நாக்கா அது? "தல சுத்துது. வெயில்ல நின்னது." இன்றைக்கு எங்கே வெயில்? நாள் பூரா மோடம்.

சூடம் அணைச்ச கைதானே இது என்று கேட்டேன். கையைப் பார்த்தார். அது நடுங்கியது. உள்ளே விடவில்லை. கொட்டகையில் கயிற்றுக் கட்டில் கிடக்கிறது, போய்ப் படுங்க என்றேன். போனார். செவலை, அவர் குரல் கேட்டாலே கன்னுக்குட்டி மாதிரி வருகிற மாடு, அவர் கிட்டே போனதும் புஸ்ஸென்று மூச்சுவிட்டுக் கயிறு அறுகிற அளவு பின்னால் இழுத்தது. அந்த வாயில்லாத ஜீவனுக்கே பொறுக்கவில்லை. அதை அவிழ்த்துக் கொட்டகையின் அந்தக் கோடியில் கட்டிவிட்டு வந்தேன்.

என் மூக்கு செத்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் இந்தத் தைரியம் வருமா? சிவரஞ்சனிதான் சொல்லியிருப்பாள். அப்பா செல்லம். நாளைக்குப் போன் போட்டு அவளை நாலு கேள்வி கேட்கவேண்டும்.

சோறு கொண்டுபோய் வைக்கவில்லை. கிடக்கட்டும்.

நவம்பர் 28, ஞாயிறு

எழுதினால்தான் தலைக்குள் அடங்கும். எழுதுகிறேன்.

20ஆம் தேதி விடிகாலை பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பிள்ளை, கொட்டகை வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "என்னா வேணி, மருந்து வாட இப்படிக் குப்புனு அடிக்குது?" கட்டிலைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். நான் பால் சொம்போடு அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை.

மூச்சு இருந்தது. நுரை. அதே சட்டை, அதே ஈரம். வேன் பிடித்து டவுன் ஆஸ்பத்திரி. ஊசிமேல் ஊசி போட்டார்கள். ஒன்பதரைக்கு முடிந்துவிட்டது.

சின்ன வயசு டாக்டர். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "தோல் வழியா ஏறியிருக்கும்மா. நேத்து சாயந்திரமே சட்டையைக் கழட்டி, சோப்புப் போட்டுக் குளுப்பாட்டிக் கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பாரு. கண்ணு பாப்பா குண்டூசி முனையாட்டம் சுருங்கியிருக்குமே, பாக்கலையா?" பார்க்கவில்லை. நான் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாடைகூடவா தெரியல அண்ணி?" கொழுந்தன் ஜெயப்பிரகாஷ், ரெட்டிபாளையத்து சிமெண்டு ஆலையில் ஷிப்டிலிருந்து அப்படியே ஓடிவந்தவர், எல்லார் முன்னாலும் கேட்டார். "சளி பிடிச்சிருந்துச்சு" என்றேன். செத்தவர் காலடியில் நின்றுகொண்டு அதையும் சொன்னேன்.

எரிச்சல். மருந்தைக் கரைக்கிற கரைப்பான் எரியும். எந்த ஆவியும் எரியும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவளுக்கு இது தெரியாதா? என்னன்னு சொல்லாதும்மான்னு அந்தப் புள்ள படம் போட்டுச் சொல்லிச்சே. சொல்லிச்சே.

டிசம்பர் 7, செவ்வாய்

கருமாதி முடிந்தது. ஊரில் பேசுவது காதில் விழுகிறது. ராத்திரி சண்டையாம், மனுஷன் மருந்தைக் குடித்துவிட்டாராம். ஜெயப்பிரகாஷ் என்னிடம் பேசாமலே அரியலூர் பஸ் ஏறினார். அவரும் அப்படித்தான் நினைக்கிறார். குடிக்கலை என்று ஒருவர் செத்தார். அவர் மருந்து குடித்தார் என்று ஊரே சொல்ல, நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

2005 ஜனவரி 10, திங்கள்

செவலை, கட்டில் கிடக்கிற மூலைக்குப் போக மாட்டேன் என்கிறது. தண்ணீர்த் தொட்டி அங்கே இருக்கிறது, தாகத்தோடு நிற்குமே தவிர காலை எடுத்து வைக்காது. தொட்டியை இந்தப் பக்கம் நகர்த்தினேன். கட்டிலைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

பிப்ரவரி 3, வியாழன்

பிரேதப் பரிசோதனை ஆய்வறிக்கை வந்தது. இரைப்பையில் மருந்தும் இல்லை, சாராயமும் இல்லை.

பதினைந்து மணி நேரத்தில் சாராயம் கரைந்துபோயிருக்கலாமே என்று எனக்குள் ஒருத்தி வாதாடுகிறாள். செத்த பிறகும் அந்த மனுஷனை வாசற்படியில் நிறுத்தி வைத்திருக்கிறாள். சீ.

பிப்ரவரி 6, ஞாயிறு

சிவரஞ்சனி வந்தாள். அறிக்கையைக் காட்டினேன். நீதானே அப்பாகிட்ட என் மூக்கைப் பத்திச் சொன்ன, அந்தத் தைரியத்துலதானே வந்தாரு, என்று கேட்டுவிட்டேன். இரண்டரை மாதமாக நெஞ்சில் கிடந்தது.

அவள் அறிக்கையை மடித்துக் கீழே வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"அப்பாவுக்குச் செப்டம்பர்லயே தெரியும்மா. திரிஞ்ச பால்ல காபி குடுத்தியாமே, அன்னிக்கே. நான் அக்டோபர்ல வந்தப்ப பஸ் ஸ்டாண்டுல வச்சு, 'ஒங்கம்மாவுக்கு மூக்கு போயிடுச்சு பாப்பா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, வருத்தப்படுவா'ன்னு அவருதான் எங்கிட்ட சொன்னாரு. நான் கேட்டேன், அப்புறம் எதுக்குப்பா தெனமும் ஊதுறீங்கன்னு."

"என்ன சொன்னாரு?"

"'நிறுத்துனா அவளுக்குத் தெரிஞ்சிரும்ல'ன்னாரு."

காவல் இல்லை என்று தெரிந்து அறுபத்தாறு நாள். பிராந்திக் கடை அவர் காட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. ஒரு நாள்கூட நுழையவில்லை. தினமும் வந்து படியில் நின்று, செத்த மூக்குக்கு முன்னால் ஊதிக் காட்டிவிட்டு, நான் நடிப்பதைப் பார்த்துக்கொண்டு, உள்ளே வந்திருக்கிறார்.

அந்தக் கடைசி நாளிலும் ஊதினார். ஊதச் சொன்னதும் ஊதினாரே.

பிப்ரவரி 7, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு

அரியலூர் பஸ் பிடித்து ரெட்டிபாளையம் போனேன். ஜெயப்பிரகாஷ் வீட்டில்தான் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்தது, மூக்கு, நடிப்பு, ஸ்பிரிட் பாட்டில், கயிற்றுக் கட்டில், சளி என்று சொன்ன பொய். அறிக்கையைக் கையில் கொடுத்தேன். உங்கள் அண்ணன் மருந்தும் குடிக்கவில்லை, பிராந்தியும் குடிக்கவில்லை, நான்தான் வெளியே போகச் சொன்னேன் என்றேன்.

அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்தார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல அண்ணி" என்றார். அவ்வளவுதான். பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். பஸ் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மன்னித்தாரா? கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

மார்ச் 1, செவ்வாய்

வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், எனக்கு வாடை தெரியாது, நீங்கள் மோந்து சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்று. ஒருத்தியும் சிரிக்கவில்லை. இது இவ்வளவு சுலபமா? இதைச் சொல்லாமல் காப்பாற்றத்தானா இத்தனையும்?

ஜூலை 8, வெள்ளி

ஒரு வருடம் தாண்டிவிட்டது. நேற்றிலிருந்து என்னவோ. காபி, சோப்பு, மல்லிகை எல்லாமே ரப்பர் எரிகிற மாதிரி ஒரே வாடை. குமட்டுகிறது. சிவரஞ்சனியிடம் போனில் சொன்னேன். "நூல் முளைக்குதும்மா. தப்பான எடத்துல போயி ஒட்டியிருக்கும், மெதுவா சரியாவும்" என்று அவள் அழுதாள். எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. யாருக்காக முளைக்கிறது இப்போது?

ஆகஸ்ட் 24, புதன்

மத்தியானம் நல்ல மழை. கொட்டகைக் கூரை அந்த மூலையில் ஒழுகிக் கட்டில் நனைந்துவிட்டது.

ஆறரைக்குப் பால் கறக்க உட்கார்ந்தேன். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது. செவலை தலையைத் தூக்கிப் புஸ்ஸென்றது. அதே நேரம் எனக்கும். எரிச்சல் இல்லை. வாடை. பூண்டு கெட்டுப்போனது போல, தனியாக, தெளிவாக, இது இன்னது என்று பேர் சொல்லுகிற வாடை. ஒன்பது மாதமாக அந்த மாடு சொல்லிக்கொண்டே இருந்தது.

சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். மண்டி போட்டு, அவர் தலை கிடந்த இடத்தில் கயிற்றோடு முகத்தை வைத்து மோந்தேன். மருந்து. அதுக்கு அடியில் மண்ணு, மழைத்தண்ணி. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் ஒரு முழம் விடாமல் மோந்து பார்த்தேன். பிராந்தி இருந்திருந்தாலும் இத்தனை மாதத்தில் நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.

மருந்து மட்டும்தான்.

"சரி, உள்ள வாங்க" என்றேன்.